புது டயர் என்று பழைய சரக்கைத் தலையில் கட்டுகிறார்கள்: ஏடிவி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ஏடிவி, பக்கி மாதிரி மண்ணிலும் கல்லிலும் ஓட்டுகிற வண்டிகளுக்கு டயர் மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். புத்தம் புதுசு என்று சொல்லி எனக்கு நான்கு டயர் மாட்டிக் கொடுத்தார்கள். ஒரு வருடம் முழுதாக ஓடவில்லை, நான்கிலும் வெடிப்பு. கேட்கப் போனால் பழி முழுக்க என் மேலேயே வந்தது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை. எப்படி ஏமாற்றினார்கள் என்பது தெரிந்தால், எந்தக் கடையிலும் நீங்கள் தப்பிக்கலாம்.

சேறு கழுவி வண்டி காய்ந்த பிறகு பின் டயரில்தான் முதலில் கண்ணில் பட்டது. தரையைப் பிடிக்க டயரில் துருத்தி நிற்கும் ரப்பர் கட்டைகளைத்தான் பட்டன் என்கிறேன்; ஒவ்வொரு பட்டனும் டயரின் உடம்போடு சேருகிற மூலையில் மெல்லிய கோடு. அழுக்கு என்று நினைத்து நகத்தால் சுரண்டினால் நகம் உள்ளே மாட்டியது. பட்டனைக் கட்டைவிரலால் ஒரு பக்கம் சாய்த்தால் அந்தக் கோடு வாயைத் திறந்தது. பக்கச்சுவரில் ரிம்முக்குக் கொஞ்சம் மேலே, வட்டத்தோடு ஒட்டி இன்னொரு வரிசை. வாங்கிய அன்று கண்ணாடி மாதிரி மின்னிய ரப்பர் இப்போது சாம்பல் பூத்துக் கிடந்தது. பட்டன் உயரம் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. தேயாமலே கிழடு தட்டிப் போன டயர்.

கடைக்காரர் பார்த்த மாத்திரத்தில், "இது மேலோட்டமான கோடு சார், எல்லா டயர்லயும் வரும்" என்றார். பட்டனைச் சாய்த்துக் காட்டினேன். உடனே பேச்சு மாறியது: "வெயில்ல நிறுத்தியிருப்பீங்க." என் வண்டி மூடிய கொட்டகையில் நிற்கிறது. அதைவிட முக்கியமான ஒன்று, இதற்கு முன் வண்டியோடு வந்த டயர்கள் அதே கொட்டகையில் இதைவிட எவ்வளவோ அதிக காலம் நின்றவை. பட்டன் தேய்ந்துதான் அவற்றைக் கழற்றினேன், ஒரு வெடிப்பு கிடையாது. இதைச் சொன்னதும் மூன்றாவது சாக்கு வந்தது: "வானிலையால வர்ற வெடிப்புக்கு வாரண்டி இல்ல." அதோடு கையை விரித்துவிட்டார். அடுத்த முறை வாங்கினால் ஏதோ குறைத்துத் தருவதாகச் சொன்னார். மறுபடியும் அங்கேயே போய் வாங்கவா?

வீட்டுக்கு வந்து வண்டிக்கு அடியில் டார்ச்சோடு படுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. டயரின் பக்கச்சுவரில் தயாரிப்பு வாரமும் ஆண்டும் நான்கு இலக்கமாக இருக்கும். 3521 என்றால் 2021-ஆம் ஆண்டின் 35-வது வாரம். 2000-ஆம் ஆண்டிலிருந்துதான் இந்த நான்கு இலக்கம், அதற்கு முன் மூன்று இலக்கம். கார் டயர்களில் டிஓடி என்ற எழுத்துகளோடு தொடங்கும் நீண்ட எண்ணின் கடைசியில் இதைப் பார்த்திருப்பீர்கள். அது அமெரிக்கப் போக்குவரத்துத் துறையின் குறி. பொதுச் சாலைக்கு அல்லாத டயர்களுக்கு அந்த விதி பொருந்தாது என்பதால் சில ஏடிவி டயர்களில் முழு எண் இருக்காது. ஆனாலும் பல நிறுவனங்கள் வாரமும் ஆண்டும் அச்சிடத்தான் செய்கின்றன. என் டயர்களிலும் இருந்தது. நான் வாங்கிய நாளுக்கு நான்கு ஆண்டுகளுக்கும் முந்தைய தேதி.

சரி, அது ஏன் இத்தனை நாள் கண்ணில் படவில்லை? அந்த எண் பக்கச்சுவரின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது. இந்த டயர்கள் திசை பார்த்து மாட்ட வேண்டிய வகை, எந்தப் பக்கம் சுழல வேண்டும் என்று அம்புக்குறி போட்டிருக்கும். அம்புப்படி மாட்டினால் வண்டியின் இடப்பக்கமோ வலப்பக்கமோ ஏதாவது ஒரு பக்க டயர்களில் தேதி வெளியே தெரிந்தே ஆக வேண்டும். என் வண்டியில் நான்கிலும் தேதி உள்பக்கம். ஒரு பக்கத்து இரண்டு டயர்களில் அம்பு பின்னோக்கிப் பார்க்கிறது! வண்டி சேற்றில் ஏன் ஒழுங்காகப் பிடிக்கவில்லை என்பதற்கும் அங்கேயே பதில் கிடைத்தது. தெரியாமல் மாட்டிவிட்டார்கள் என்று சொல்வார்கள். நாளெல்லாம் டயர் மாட்டுகிறவர்களுக்கு அம்புக்குறி தெரியாது என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

இன்னொன்றும் அங்கே தெரிந்தது. சூரியனே படாத அந்த உள்பக்கத்திலும் வெடிப்பு வெளிப்பக்கம் அளவுக்கே இருந்தது. வெயில்தான் காரணம் என்றால் இது எப்படி?

ரப்பர் ஏன் வெடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் இந்தச் சாக்குகளுக்கு நீங்களே பதில் சொல்லலாம். வெயிலும் சூடும் ரப்பரைக் கெடுப்பது உண்மைதான். டயரில் கலக்கும் கரும்புகைக் கரி புற ஊதாக் கதிரைத் தடுக்கிறது. ஆனால் வெடிப்புக்குப் பெரிய எதிரி காற்றில் இருக்கும் ஓசோன். ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலியில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளை அது அறுக்கிறது. 10 கோடிப் பங்கு காற்றில் சில பங்கு ஓசோன் இருந்தாலே போதும், காப்பில்லாத ரப்பர் இழுபட்டு நிற்கும் இடத்தில், இழுக்கும் திசைக்குக் குறுக்காகப் பிளக்கும். அதனால்தான் பட்டனின் மூலையிலும் பக்கச்சுவர் வளைகிற இடத்திலும் முதலில் வருகிறது. ஏடிவி டயரில் பட்டன் உயரம், மூலை கூர்மை, பக்கச்சுவர் மெத்தென்று இருக்கும், காற்றும் குறைவு. இழுபடும் இடங்கள் அதிகம்.

இதைத் தடுக்கத் தயாரிக்கும்போதே ரப்பரில் மெழுகும், 6பிபிடி போன்ற ஓசோன் தடுப்பான்களும் சேர்க்கிறார்கள். அவை மெல்ல மெல்ல மேற்பரப்புக்கு வந்து காப்பாகப் படியும். புது டயரில் சில நேரம் பழுப்பாகத் தெரிவது இந்தப் படிவுதான். ஓடும்போது டயர் மடங்கி விரிவதால் உள்ளே இருக்கும் மெழுகு வெளியே வருகிறது. அசையாமல் கிடக்கும் டயருக்கு அந்த உதவி கிடையாது. கடையில் வருடக்கணக்கில் கிடந்த டயர் தன் காப்பில் ஒரு பகுதியைக் கடையிலேயே செலவழித்துவிட்டு வருகிறது. அதற்கு மேல் பெட்ரோலியக் கரைப்பான் கலந்த மலிவு டயர் பாலிஷை அப்பினால், மிச்சம் இருக்கும் காப்பும் அதோடு போகும்.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். இருட்டான, குளிர்ந்த, உலர்ந்த கிடங்கில் முறையாக வைத்த டயர் மெதுவாகத்தான் வயதாகும். ஆண்டு தள்ளிப் போனதாலேயே எல்லா டயரும் குப்பை ஆகிவிடாது. என் டயர்கள் இருந்த இடம் எது என்று நான் கண்ணால் பார்த்தேன். வாசலில், வெயிலில், ஒன்றன் மேல் ஒன்றாக ஆள் உயரத்துக்கு அடுக்கு. அடியில் இருந்தவை நசுங்கிக் கோணலாக நின்றன. பக்கத்திலேயே வெல்டிங் வேலை. வெல்டிங் பொறியும் கார்பன் பிரஷ் உள்ள மோட்டாரும் ஓசோனை உண்டாக்கும் என்பதால் டயரை அவற்றின் அருகில் வைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

டயர் நிறுவனத்துக்குப் படங்களோடு எழுதினேன். மரியாதையாகப் பதில் வந்தது. வாங்கிய தேதிக்குச் சான்றாக, டயரின் எண் எழுதிய பில் வேண்டுமாம், இல்லையென்றால் தயாரித்த தேதியிலிருந்துதான் வாரண்டிக் காலம் கணக்கு. கடை கொடுத்த பில்லில் அளவும் எண்ணிக்கையும் தவிர வேறொன்றும் இல்லை. நான்கு ஆண்டுப் பழைய சரக்கை விற்றவர் ஏன் தேதியை எழுதப் போகிறார்? கிளெய்ம் அதோடு நின்றது.

ஆகவே டயர் மாட்டும் முன்பே, ரிம்மில் ஏறாமல் தரையில் கிடக்கும்போதே, இரண்டு பக்கமும் புரட்டி அந்த நான்கு இலக்கத்தைப் படியுங்கள். நான்கு டயரிலும் படியுங்கள், ஒரே வாரத்துச் சரக்காக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஈரத் துணியால் ஒரு இடத்தைத் துடையுங்கள். துணி கருத்து வழவழப்பாக வந்தால் பாலிஷ் பூசியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள், அந்த இடத்தில் பட்டனைச் சாய்த்து மூலையைப் பாருங்கள். எண்ணைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள், வேறு பேச்சே வேண்டாம். மாட்டிய பிறகு அம்புக்குறி வண்டி முன்னே போகும் திசைக்குச் சுழல்கிறதா என்று சுற்றி வந்து பார்ப்பதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது.

காற்றையும் அங்கேயே அளந்துவிடுங்கள். டயரின் விளிம்பை ரிம்மில் உட்கார வைக்க அதிகக் காற்று அடிப்பார்கள், அப்புறம் அதைக் குறைக்க வேண்டும். என் வண்டியின் கையேட்டில் சொன்ன காற்றழுத்தம் 5 பிஎஸ்ஐ. கடையிலிருந்து வந்தபோது உள்ளே இருந்தது 18. இவ்வளவு காற்றோடு ஓட்டினால் ரப்பர் எப்போதும் இழுபட்டே நிற்கும், வெடிப்பு சீக்கிரம் வரும். கார் டயருக்கான கேஜ் இந்தக் குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டாது, குறைந்த அழுத்தத்துக்கென்று தனி கேஜ் இருக்கிறது.

ஏற்கெனவே வெடிப்பு விழுந்த டயரோடு ஓட்டுகிறவர்களுக்கு: உள்பக்கத்தையும் கட்டாயம் பாருங்கள். நகம் மாட்டாத மேல்கோடு என்றால் கவனித்துக்கொண்டே ஓட்டலாம். வெடிப்புக்குள் ரப்பருக்கு அடியில் இருக்கும் நூல் தெரிந்தாலோ, பக்கச்சுவர் உப்பியிருந்தாலோ, ஓட்டவே வேண்டாம். காற்று தானாக இறங்குகிறதா என்றும் கேஜ் வைத்துப் பாருங்கள். 5 பிஎஸ்ஐ டயரில் 2 குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் சரிவில் திரும்பும்போது டயர் ரிம்மை விட்டுக் கழன்று வண்டி கவிழ அது போதும். நான் நான்கையும் கழற்றி, எண் தெரியும்படி படம் எடுத்து, புகாரோடு இணைத்து அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இதே பதிவில் சேர்க்கிறேன்.