ஏடிஎஃப்: வீட்டில் மாற்றுவதா, மெஷினில் கொடுப்பதா, தொடாமல் விடுவதா?

போன மாதம் குடும்பத்தோடு வால்பாறை போய்வந்தோம். ஆழியாற்றிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு, ஐந்து பேர், டிக்கி நிறையச் சாமான். திரும்பி வந்த வார ஞாயிற்றுக்கிழமை வீட்டு போர்டிகோவிலேயே ஏடிஎஃப்பை, அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயிலை மாற்றினேன். என்னுடையது 2010 மாடல் ஹோண்டா சிட்டி, ஐந்து கியர் ஆட்டோமேட்டிக். பக்கத்து வீட்டு அண்ணன் மதில்மேல் எட்டிப் பார்த்து, "கியர்பாக்ஸ் வேலையெல்லாம் வீட்ல பாக்கலாமா தம்பி? ஏதாச்சும் ஆயிட்டா?" என்று கேட்டார். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் போனால் செலவு லட்சத்தில்தான். அதனால் எந்த வழியில் எவ்வளவு ஆபத்து என்று பிரித்துப் பார்ப்பது அவசியம்.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை ஆட்டோமேட்டிக் என்று தெரிந்துகொள்ளுங்கள். கிளச் பெடல் இல்லாத எல்லாவற்றையும் நம்மூரில் ஆட்டோமேட்டிக் என்றே சொல்கிறோம். ஏஎம்டி வண்டிக்குள் இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ். அதற்கும் ஏடிஎஃப்புக்கும் சம்பந்தமில்லை. கியருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் சிவிடிக்கு அதற்கென்றே தனி ஆயில், அதில் சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட்டுக்கு ஆபத்து. இரட்டை கிளச் டிஎஸ்ஜி வகை வேறு கதை. நான் இங்கே சொல்வது டார்க் கன்வர்ட்டர், அதாவது எஞ்சின் விசையை ஆயில் வழியாகவே கியருக்குக் கடத்தும் பாகம், உள்ள பாக்ஸைப் பற்றி மட்டும்.

தொடாமல் விடுவதுதான் பெரும்பாலானோர் செய்வது. "அது லைஃப்டைம் ஆயில் சார், மாத்தவே வேண்டாம்" என்பதை சர்வீஸ் கவுண்டரில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். யாருடைய லைஃப் என்று திருப்பிக் கேட்க வேண்டும். பிஎம்டபிள்யூ உட்படப் பல கம்பெனிகளுக்கு எட்டு கியர் கொண்ட பாக்ஸ் செய்து கொடுக்கும் ஜெர்மனியின் இசட்எஃப், 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் அல்லது எட்டு வருடத்தில் ஆயிலை மாற்றச் சொல்கிறது. பாக்ஸைச் செய்தவனே மாற்று என்கிறான்; எனக்கு அந்தப் பேச்சே போதும்.

காரணம் சூடு. ஏடிஎஃப் மசகு எண்ணெய் மட்டுமில்லை. வால்வுகளை நகர்த்தும் அழுத்தமும் அதுதான், கன்வர்ட்டரில் எஞ்சின் விசையைக் கடத்துவதும் அதுதான், கிளச் தட்டுகள் வழுக்காமலும் வெடுக்கென்று இழுக்காமலும் பிடிக்க வைப்பதும் அதில் கலந்திருக்கும் ரசாயனம்தான். ஒரு காலத்தில் அமெரிக்காவில் இந்தப் பிடிமானத்துக்காக ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெயையே கலந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் அதற்குத் தடை வந்தபிறகு மாற்று தேடி அலைந்தார்கள். அவ்வளவு நுட்பமான கலவை. சூடு பத்து டிகிரி ஏறினால் எண்ணெய் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொதுக் கணக்கு. மலை ஏற்றமும், மே மாத வெயிலில் சிக்னலுக்குச் சிக்னல் ஊர்வதும் அதற்குப் பகை. தொடாமல் விடுவதில் இன்றைக்குச் செலவில்லை. ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டியபின் கியர் மாறும்போது ஒரு இடி, பிறகு ஒரு வழுக்கல். அப்போது ஆயில் மாற்றினாலும் தேய்ந்த கிளச் திரும்ப முளைக்காது.

அதற்கு நேர் எதிர், ஒர்க்‌ஷாப்பில் மெஷின் வைத்து ஃபிளஷ் செய்வது. ஆயிலைக் குளிர்விக்கும் கூலருக்குப் போகும் குழாயைக் கழற்றி மெஷினோடு இணைப்பார்கள். எஞ்சின் ஓட ஓட பாக்ஸின் பம்ப்பே பழையதை வெளியே தள்ளும், அதே அளவு புதியது உள்ளே போகும். கன்வர்ட்டருக்குள் தங்கியிருப்பதும் வந்துவிடும் என்பது இதன் பெரிய பலம். ஒரே மூச்சில் ஏறக்குறைய முழுவதும் புதிதாகிவிடும். ஆனால் பத்துப் பன்னிரண்டு லிட்டர் வரை ஆயில் போகும்.

என் மச்சான் வண்டியில் இதைச் செய்தார்கள். 1,40,000 கிலோமீட்டர், அதுவரை ஒருமுறைகூட மாற்றாத ஆயில். லேசாக இழுவை குறைகிறதே என்று கொடுத்தார். ஃபிளஷ் முடிந்து மூன்றே வாரத்தில் மூன்றாவது கியர் சுத்தமாக வழுக்கியது. மெஷின்தான் கெடுத்தது என்று அவர் இன்றும் சொல்கிறார். நான் அப்படி நினைக்கவில்லை. அந்த கிளச் ஏற்கெனவே தேய்ந்து போயிருந்தது. வழுக்கல் தெரிந்த பிறகுதானே கொடுத்தார். பழைய ஆயிலில் மிதக்கும் கிளச் துகள்தான் பிடிமானம் கொடுத்துக்கொண்டிருந்தது என்று மெக்கானிக்குகள் சொல்வதுண்டு. எப்படியிருந்தாலும் வழுக்கத் தொடங்கிய பாக்ஸுக்கு ஃபிளஷ் மருந்தில்லை. நல்ல நிலையில் இருக்கும் வண்டிக்கு, சரியான கிரேடு ஆயிலோடு, கிளீனிங் கெமிக்கல் எதுவும் சேர்க்காமல் செய்தால் மெஷின் தப்பில்லை. ஆனால் உள்ளே எந்த ஆயில் போனது என்று நாம் பார்க்க முடிவதில்லை. பெரிய டிரம்மிலிருந்து "எல்லா வண்டிக்கும் ஆகும்" என்று ஊற்றும் இடத்தில் நான் கொடுக்கவே மாட்டேன்.

இனி வீட்டில் செய்வது. போல்ட்டைக் கழற்று, வடிய விடு, அதே அளவு ஊற்று. இதற்கு எதிராகச் சொல்லப்படும் ஒரே பெரிய குறை, பாதி ஆயில்கூட மாறுவதில்லை என்பது. உண்மைதான். என் பாக்ஸில் மொத்தம் ஆறு லிட்டருக்கு அருகில் இருக்கும். வடிவது சுமார் இரண்டரை. மிச்சம் கன்வர்ட்டரிலும் குழாய்களிலும் நின்றுவிடும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: முதல் முறையில் நூற்றுக்கு 42 பங்கு புதிது, இரண்டாம் முறையில் 66, மூன்றாம் முறையில் 80. ஒவ்வொரு எஞ்சின் ஆயில் சர்வீஸின்போதும் ஒருமுறை என்று மூன்று தவணையாகச் செய்தேன். பாக்ஸுக்கும் திடீர் மாற்றமில்லை, எனக்கும் ஒரே நாளில் செலவில்லை. ஹோண்டாவின் பழைய ஆட்டோமேட்டிக்குகளுக்கு கம்பெனி வழியும் மெஷின் இல்லை, வடித்து ஊற்றுவதுதான்.

செய்முறையில் நான் கவனித்ததைச் சொல்கிறேன். பத்து நிமிடம் ஓட்டி, ஆயில் வெதுவெதுப்பானதும் சமதளத்தில் நிறுத்தினேன். பின் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் இறக்கிய பிறகுதான் கீழே படுத்தேன். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். வடிப்பதற்கு முன்பே டிப்ஸ்டிக், அதாவது ஆயில் அளவு பார்க்கும் குச்சி, கையோடு வருகிறதா என்று பார்த்துவிட்டேன். அந்தத் துளைதான் ஊற்றும் வழி, அது திறக்காவிட்டால் வடித்த வண்டி அப்படியே நிற்க வேண்டியதுதான். எஞ்சின் ஆயில் போல்ட்டும் கியர்பாக்ஸ் போல்ட்டும் கீழே கிட்டக் கிட்ட இருக்கும். ஆறு பட்டைத் தலை இருப்பது எஞ்சினுடையது. தலையில் சதுரக் குழி இருப்பது கியர்பாக்ஸ். 3/8 அங்குல ராட்செட் சாக்கெட் இல்லாமலே நேராக அதில் உட்காரும்.

போல்ட் முனையில் காந்தம். அதில் விரல் நகம் அளவுக்குச் சாம்பல் நிறக் களிம்பு ஒட்டியிருந்தது. பழந்துணியில் துடைத்து வெயிலில் நீட்டிப் பார்த்தேன். மை மாதிரி குழைந்தது, விரலில் எதுவும் குத்தவில்லை. அது இயல்பான தேய்மானம். செதிலோ முள்ளோ இருந்திருந்தால் அன்றே மெக்கானிக்கிடம் போயிருப்பேன். இந்தக் களிம்பை உங்களுக்கு எந்த ஒர்க்‌ஷாப்பும் கொண்டுவந்து காட்டாது. வீட்டில் செய்வதை நான் தேர்ந்தெடுக்க முதல் காரணமே இதுதான், காசு இரண்டாவதுதான்.

புது வாஷர் போட்டு 49 நியூட்டன் மீட்டர் முறுக்கு அளவில் முடுக்கினேன். உறை அலுமினியம், கை பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். வடிந்ததைப் பழைய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களில் அளந்து, அதே அளவு ஹோண்டாவின் டிடபிள்யூ-1 ஏடிஎஃப்பை நீள மூக்குப் புனலில் டிப்ஸ்டிக் துளை வழியாக ஊற்றினேன். அளவு பார்ப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஹோண்டாவில் வண்டி சூடான பிறகு, எஞ்சினை அணைத்து 60 முதல் 90 வினாடிக்குள் பார்க்க வேண்டும். வேறு பல வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும். மேனுவலைப் படிக்காமல் இறங்காதீர்கள்.

டிப்ஸ்டிக்கே இல்லாத பாக்ஸ் என்றால் என் ஓட்டு வீட்டுக்கு இல்லை. இப்போது வரும் பல டொயோட்டாக்களில், ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது ஓவர்ஃப்ளோ துளை வழியே வழிவதைப் பார்த்துத்தான் அளவு முடிவாகும். வண்டி நான்கு சக்கரமும் மட்டமாக உயர்ந்திருக்க வேண்டும், எஞ்சின் ஓட வேண்டும், ஸ்கேனரில் சூடு பார்க்க வேண்டும். இசட்எஃப் எட்டு கியரில் ஃபில்டர், பாக்ஸின் அடியில் ஆயில் தங்கும் பிளாஸ்டிக் பானோடு சேர்ந்தே வரும், பானையே மாற்ற வேண்டும். இவற்றுக்கு லிஃப்ட் உள்ள நல்ல ஒர்க்‌ஷாப்பில் பான் இறக்கி, ஃபில்டர் மாற்றி, வடித்து ஊற்றச் சொல்லுங்கள். ஆயிலை நீங்களே சீல் உடையாத டப்பாவாக வாங்கிக் கொடுங்கள். கூடவே நின்று பானின் காந்தத்தைக் காட்டச் சொல்லுங்கள். தயங்காமல் காட்டுகிற மெக்கானிக் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

பழைய ஆயிலைச் சாக்கடையிலோ தென்னை அடியிலோ ஊற்ற வேண்டாம். பாட்டிலோடு ஷெட்டில் கொடுத்தால் பழைய ஆயில் டிரம்மில் சேர்த்துக்கொள்வார்கள்.

அன்றைக்கு வேலை முடிந்தபோது மணி பதினொன்று. மூன்று தவணையிலும் ஒவ்வொரு பாட்டில் எடுத்து வைத்திருந்தேன், மூன்றையும் மதில்மேல் வரிசையாக வைத்தேன். முதலாவது காப்பி டிகாக்‌ஷன், இரண்டாவது செங்காவி, மூன்றாவதில் வெயில் ஊடுருவிச் சிவப்பு தெரிந்தது. அண்ணன் மூன்றையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எங்க வண்டியில அந்தக் குச்சி இருக்கானு கொஞ்சம் பாத்துச் சொல்லு தம்பி" என்று சாவியை எடுக்க உள்ளே போனார்.