சேலத்தில் ‘ஹோம் ஸ்டுடியோ பேக்கேஜ்’: முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

மாடி அறையை போர்ட்ரெய்ட் (ஆளைப் படமெடுக்கும்) ஸ்டுடியோவாக மாற்றித் தருகிறோம், பெயின்ட், லைட், பேக்டிராப் (பின்திரை), ஃபால்ஸ் சீலிங் எல்லாம் ஒரே தொகை என்று பேசி, முக்கால் பங்கு பணத்தை முதலிலேயே வாங்கிவிடுகிறார்கள். அஸ்தம்பட்டி பக்கம் ஒரு வீட்டில் அப்படி முடிந்த வேலையின் லட்சணம் இது. பெயர் வேண்டாம். குறைகளைத் தெரிந்துகொண்டால் யார் வந்து பேசினாலும் பிடித்துவிடலாம்.

அறை 10-க்கு 12 அடி. ‘ஃபுல் லெங்த் எடுக்கலாம்’ என்று சொல்லித்தான் வேலையையே பிடித்தார்கள். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 85 எம்எம் லென்ஸ் போட்டு நிற்பவரை முழுசாக எடுக்க, ஆளுக்கும் கேமராவுக்கும் நடுவே மட்டும் 16 அடிக்கு மேல் வேண்டும். 50 எம்எம் என்றாலும் 10 அடியை ஒட்டி வரும். ஆளுக்குப் பின்னால் நாலைந்து அடி விடாவிட்டால் அவர் நிழல் பேக்டிராப்பிலேயே விழும். ஆக, 12 அடியில் மார்பளவுப் படம்தான் உருப்படியாக வரும். போதாக்குறைக்கு 10 அடி உயரத்தை ஃபால்ஸ் சீலிங் எட்டரை அடியாக்கிவிட்டது. நிற்பவர் தலைக்கு மேல் 90 செ.மீ. ஆக்டா பாக்ஸை (லைட்டில் மாட்டும் எண்கோணத் துணிக்கூடு) சாய்த்துப் பிடிக்க இடமே இல்லை.

பெரிய கோளாறு பெயின்ட். ‘கண்ணுக்கு இதமா இருக்கும்’ என்று சுவர் முழுக்க பீச் கலர், அதுவும் மினுமினுப்பு ஃபினிஷ். அறையைப் படம் எடுத்தால் அழகுதான். ஆளை உட்கார வைத்தால் சுவர்ப் பக்கக் கன்னம் ஆரஞ்சு, லைட் பக்கக் கன்னம் சரியான நிறம். ஒயிட் பேலன்ஸை (கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) மாற்றினால் ஒன்று தேறும், மற்றது நீலம் பாயும். ஒரே முகத்தில் இரண்டு நிறம் என்றால் எடிட்டிங்கில் மாரடிக்க வேண்டியதுதான். சீலிங்குக்கு மேட் (மினுக்காத) வெள்ளை, சுவருக்கு வெளிர் சாம்பல் மேட், இது போதும். இதம் வேண்டுமென்றால் நாற்காலி, பாய், செடி என்று ஃப்ரேமுக்கு வெளியே வையுங்கள்.

பில்லில் ‘300 வாட் ஸ்டுடியோ லைட்’. வந்தது ‘300 வாட்டுக்குச் சமம்’ என்று அச்சிட்ட, அதாவது உண்மையில் அத்தனை வாட் இல்லாத எல்இடி. நிறமும் சரியில்லை, நெற்றிக் குங்குமம் படத்தில் செங்கல் நிறமாக வந்தது. சிஆர்ஐ (விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்குப் போடும் மதிப்பெண்) 80 போட்ட விளக்குகூட ஆழ்ந்த சிவப்பில் கோட்டைவிடும், ஏனென்றால் சிஆர்ஐ சராசரியில் அந்தச் சிவப்பு, அதாவது ஆர்9, சேர்வதே இல்லை. சிஆர்ஐ 95, ஆர்9 90 என்று எழுத்தில் கேளுங்கள். கடையிலேயே போன் ஸ்லோமோஷனில் லைட்டைப் படம் பிடியுங்கள். துடித்தால் வாங்காதீர்கள், கேமராவின் எலக்ட்ரானிக் ஷட்டரில் (சத்தமில்லாமல் எடுக்கும் முறை) பட்டை பட்டையாக விழும். சாஃப்ட்பாக்ஸுக்குள் (லைட்டை மென்மையாக்கும் துணிப்பெட்டி) இருக்கவேண்டிய இரண்டாவது வெள்ளைத் துணியும் இல்லை. மூக்கிலும் நெற்றியிலும் எண்ணெய் தடவியதுபோலப் பளபளப்பு.

பேக்டிராப்புக்கு பேப்பர் ரோல் என்று பேசிவிட்டு மாட்டியது ஃப்ளெக்ஸ். லைட் பட்டால் கண்ணாடிபோல் திருப்பி அடிக்கிறது. கேட்டதற்கு, ‘ரோல் மாடிப்படி திரும்பாதுங்க’ என்று பதில். முழு ரோல் 2.72 மீட்டர் நீளம், திரும்பாதுதான். அதை அளவெடுக்க வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். மார்பளவுக்கு 1.35 மீட்டர் ரோல் தாராளம்.

‘வடக்கு ஜன்னல், வெயிலே வராது’ என்பதையும் நம்பாதீர்கள். அது ஐரோப்பாவுக்குப் பெரும்பாலும் சரி. சேலத்தில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை உச்சிவெயிலே வடக்கே சாய்ந்திருக்கும். காலையும் மாலையும் சாய்வெயில் உள்ளே வரும். நாலு முழ வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டினால் தீர்ந்தது, நம்மூரில் அதற்கா பஞ்சம்!

உடை மாற்ற மூன்றடிக்கு மூன்றடி மூலை. அதில் புடவைக் கொசுவம் வைக்க முடியுமா? ஐந்தடிக்கு ஐந்தடியும் ஆளுயரக் கண்ணாடியும் வேண்டும். ஏசி நேராக உட்காருபவர் மேல் அடிக்கிறது, முடி பறக்கிறது.

கடைசித் தவணை கொடுக்கும் முன், குங்குமம் வைத்த ஒருவரை உட்கார வைத்து அந்த லைட்டிலேயே ஒரு படம் எடுத்துப் பாருங்கள். பொருள்வாரியாக, மாடல் பெயரோடு பில் வாங்குங்கள். ஏமாந்துவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமில்லை; இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். ‘இது வியாபாரத்துக்கு வாங்கியது, வழக்கு செல்லாது’ என்று எதிர்த்தரப்பு சொல்லும். சுயதொழிலாக, பிழைப்புக்காக அமைத்த ஸ்டுடியோ என்று மனுவிலேயே எழுதிவிடுங்கள், அதற்குச் சட்டத்தில் இடமுண்டு.