கேடி வெப் சர்வர்: ரூட் இல்லாமலே 80, 443ல ஓடுது

லினக்ஸ்ல 1024க்கு கீழ இருக்க போர்ட்ட (நெட்வொர்க் கனெக்ஷன் உள்ள வர்ற நம்பர் போட்ட வாசல், வெப்சைட்டுக்கு 80, 443) சாதாரண யூசர் புடிக்க முடியாது, பர்மிஷன் டினைட்னு நின்னுடும், அதுக்காகவே நிறைய பேர் மொத்த சர்வரையும் சூடோ போட்டு ரூட்ல, அதாவது எல்லா உரிமையும் இருக்க அட்மின் யூசரா, ஓட விட்டுடுறாங்க. தயவுசெஞ்சு அதப் பண்ணாதீங்க, ஆப்ல ஒரு ஓட்டை இருந்தா மெஷினே அடுத்தவன் கைக்கு போயிடும்.

கேடில எனக்கு ரொம்ப புடிச்சதே இந்த இடம்தான். டெபியன், உபுண்டுல பேக்கேஜா போட்டா கேடின்னு தனி யூசர அதுவே உருவாக்கிக்குது, கூட வர்ற சிஸ்டம்டி (லினக்ஸ்ல சர்வீஸ்கள ஓட்டுற ப்ரோக்ராம்) ஃபைல தொறந்து பாருங்க, ஆம்பியன்ட் கேப்பபிலிட்டீஸ்னு ஒரு வரி இருக்கும், அதுல கேப் நெட் பைண்ட் சர்வீஸ்னு குடுத்திருப்பாங்க, சின்ன போர்ட்ட புடிக்க அந்த உரிமை போதும். என்ஜின்எக்ஸ்ங்கிற இன்னொரு வெப் சர்வர் வழக்கமா மாஸ்டர் ப்ராசஸ ரூட்ல ஆரம்பிச்சுட்டு வொர்க்கர மட்டும் வேற யூசருக்கு மாத்தும், இங்க அந்த ரூட் மாஸ்டரும் கெடையாது.

டொமைன் பேர கேடியோட செட்டிங் ஃபைலான கேடிஃபைல்ல எழுதுனா எச்டிடிபிஎஸ்க்கு வேணுங்கிற லெட்ஸ் என்க்ரிப்ட் சர்டிஃபிகேட்டும் தானா வந்துடும், சூப்பர்.

பைனரிய மட்டும் எறக்கி ஓட்றவங்க செட்கேப் கமாண்ட் போட்டு அதே உரிமைய அந்த ஃபைலுக்கு குடுத்துக்கணும், ஆனா அப்டேட்ல ஃபைல் மாறுனதும் அந்த உரிமை போயிடும், ஒவ்வொரு தடவையும் திரும்ப போடணும், எரிச்சல்தான். லினக்ஸ் கெர்னல் 4.11ல இருந்து சிஸ்கன்ட்ரோல்ங்கிற கெர்னல் செட்டிங்ல அந்த 1024 எல்லையையே 80க்கு எறக்கலாம், ஆனா அப்போ எல்லா யூசருக்கும் தொறந்துடும், பல பேர் லாகின் பண்ற சர்வர்ல வேணவே வேணாம். பேக்கேஜாவே போடுங்க.