வெள்ளை விளக்கு சொல்லும் சேதி: எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் கன்ட்ரோலருடன் மூன்று வருடம்

வீடியோ கேம் ஆடக் கையில் பிடிக்கும் இந்தக் கன்ட்ரோலர் என் வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. 2020 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் கன்சோல்களோடு (டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டிகள்) வெளிவந்த மாடல், கருப்பு நிறம். என்னிடம் கன்சோல் கிடையாது. உதிரி பாகங்கள் வாங்கி அசெம்பிள் செய்த கணினி ஒன்று கூடத்து டிவியோடு இணைந்து கிடக்கிறது, அதற்காகத்தான் வாங்கினேன். பிறகு போனிலும், திருச்சியில் அக்கா வீட்டுக் கன்சோலிலும் இதையே பயன்படுத்தப் பழகிவிட்டேன். கைக்கு எப்படி இருக்கிறது, பட்டன் எவ்வளவு மெத்து என்பதையெல்லாம் வாங்கிய அன்றே எழுதிவிடலாம். ஆன் செய்து இணைப்பதில் உள்ள நெளிவுசுளிவு பழகப் பழகத்தான் பிடிபட்டது. இதே கன்ட்ரோலரை வாங்கிய நண்பர்கள் எனக்குப் போன் செய்து சொல்வதும் ஒரே குறைதான்: "லைட்டு மின்னிக்கிட்டே இருக்கு, கனெக்ட் ஆக மாட்டேங்குது." அதனால் அதைப் பற்றியே விரிவாக எழுதுகிறேன்.

ஆன் செய்வதற்கென்று தனி சுவிட்ச் இல்லை. நடுவில் இருக்கும் எக்ஸ்பாக்ஸ் லோகோ பட்டனை ஒரு தடவை அழுத்தினால் உயிர் வந்துவிடும். அணைக்க அதே பட்டனை ஐந்தாறு விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். மறந்து அப்படியே வைத்துவிட்டாலும் 15 நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானாக அணைந்துவிடும். இன்னொரு பட்டன் கண்ணில் சட்டென்று படாது. மேல் விளிம்பில், யூ.எஸ்.பி-சி துளைக்குப் பக்கத்தில், கடுகளவுக்குக் கொஞ்சம் பெரிதாக, வட்டமாக இருக்கும். அதுதான் இணைப்புப் பட்டன். அதை மூன்று விநாடி அழுத்திப் பிடித்தால் லோகோ விளக்கு படபடவென்று மின்னத் தொடங்கும்.

அந்த வெள்ளை விளக்குக்கு மூன்றே பேச்சுதான். நின்று எரிந்தால் இணைந்துவிட்டது. மெதுவாக மின்னினால் ஏற்கெனவே பழகிய சாதனத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது. வேகமாக மின்னினால் புதிய சாதனம் எதுவாக இருந்தாலும் வரலாம் என்று காத்திருக்கிறது. "மின்னுகிறது" என்று சொல்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது வேகமாகவா மெதுவாகவா என்பதை மட்டும்தான். மெதுவாக மின்னும் நேரத்தில் கணினியில் போய் "புதிய சாதனத்தைச் சேர்" என்று எத்தனை தடவை தட்டினாலும் பட்டியலில் கன்ட்ரோலரின் பெயர் வராது. அது பழைய சாதனத்தைத் தேடிக்கொண்டிருக்கிறது, புதிதாக வரும் குரலுக்குக் காது கொடுக்காது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு சித்திரைத் திருநாள் விடுமுறை தேவைப்பட்டது.

அந்த விடுமுறையில் திருச்சிக்குப் போகும்போது கன்ட்ரோலரையும் பையில் வைத்துக்கொண்டேன். அக்கா மகனிடம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் இருக்கிறது, இரண்டாவது கன்ட்ரோலர் இல்லை. கன்சோலில் இருக்கும் இணைப்புப் பட்டனையும் இதில் இருப்பதையும் அழுத்தினோம், நொடியில் சேர்ந்துகொண்டது. இரவு எல்லோரும் தூங்கிய பிறகு என் போனோடும் ப்ளூடூத்தில் இணைத்து ஒரு மணி நேரம் விளையாடினேன். ஊருக்குத் திரும்பி, கூடத்தில் உட்கார்ந்து லோகோவை அழுத்தினால், விளக்கு மெதுவாக மின்னிவிட்டு அணைந்துபோனது. கணினியின் ப்ளூடூத் பட்டியலில் "எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் கன்ட்ரோலர்" என்ற பெயர் இருக்கிறது, ஏற்கெனவே இணைந்தது என்றும் காட்டுகிறது. ஆனால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளவில்லை. பேட்டரி மாற்றினேன், கணினியை அணைத்துப் போட்டேன். ராத்திரி பதினொரு மணி வரை அதே கதை.

காரணம் எளிது. இந்தக் கன்ட்ரோலருக்குள் இரண்டு நினைவு அறைகள் இருக்கின்றன. ஒன்று எக்ஸ்பாக்ஸுக்கே உரிய வயர்லெஸ் முறைக்கு, இன்னொன்று ப்ளூடூத்துக்கு. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சாதனம்தான் தங்கும். திருச்சியில் போனை இணைத்த அந்த நிமிடமே ப்ளூடூத் அறையிலிருந்து என் கணினி வெளியேறிவிட்டது. கணினிக்கு அது தெரியாது, பழைய உறவை நம்பிப் பட்டியலில் பெயரை வைத்துக்கொண்டிருக்கிறது. தீர்வும் அங்கேதான்: முதலில் கணினிப் பட்டியலில் அந்தப் பெயரை நீக்க வேண்டும், அப்புறம் இணைப்புப் பட்டனை மூன்று விநாடி பிடித்து வேகமாக மின்ன வைத்து, புதிதாகச் சேர்க்க வேண்டும். நீக்காமல் சேர்க்க முயன்றபோதெல்லாம் எனக்கு நேரம்தான் வீணானது.

இரண்டு அறைகளுக்கு நடுவில் மாறுவதற்கு இணைப்புப் பட்டனை இரண்டு தடவை டக்டக் என்று தட்டினால் போதும். பிடிக்கக் கூடாது, தட்ட வேண்டும். இந்த மாடலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். அடுத்த முறை திருச்சிக்குப் போனபோது இதை மறந்துவிட்டு, படுக்கையறையில் போனோடு விளையாடலாம் என்று லோகோவை அழுத்தினேன். கூடத்தில் கன்சோல் சின்ன ஒலி எழுப்பி எழுந்துகொண்டது, கூடவே டிவியும். அக்கா மகன் ஓடிவந்து, "மாமா, யாருமே இல்லாம டிவி ஆன் ஆவுது!" என்று கண்ணை அகல விரித்து நின்றான். கன்ட்ரோலர் கன்சோலின் நினைவு அறையில் நின்றுகொண்டிருந்தது, அதனால் ஆன் ஆன உடனே கன்சோலையும் எழுப்பிவிட்டது. டக்டக் என்று தட்டிக் காட்டி, போனுக்கு மாறுவதை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது அவன் வகுப்பில் பாதிப் பேருக்கு அது தெரியும்.

இதற்கு முன்பே, முதல் வருடத்தில், வேறொரு தொந்தரவு. என் கணினியின் மதர்போர்டில் ப்ளூடூத் இல்லை, அதனால் ப்ளூடூத் தரும் நகத்தளவு யூ.எஸ்.பி டாங்கிள் ஒன்று வாங்கிப் பின்பக்கம் செருகியிருந்தேன். இணைப்பு வரும், விளக்கு நின்று எரியும். ஆனால் கிரிக்கெட் ஆடும்போது பந்து தரையில் பட்டு எழும் நேரம் பட்டனை அழுத்தினால், மட்டை அரை நொடி தாமதித்து வரும். ஸ்டம்ப் போன பிறகு கவர் டிரைவ். சில நாள் சரியாக இருக்கும், சில நாள் ஆடவே முடியாது. ஒருநாள்தான் கவனித்தேன்: வெளி ஹார்டு டிஸ்க்கை மாட்டிப் படம் ஏற்றும் நாட்களில் மட்டும் இந்தத் தாமதம் வருகிறது. டாங்கிளுக்கு ஒட்டினாற்போல் பக்கத்து நீல யூ.எஸ்.பி 3 துளையில்தான் அந்த டிஸ்க்.

ப்ளூடூத் ஓடுவது 2402 முதல் 2480 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில். யூ.எஸ்.பி 3 துளையும் ஒயரும் வேலை செய்யும்போது கசியும் மின்காந்த இரைச்சல் சரியாக அந்த இடத்தில் வந்து விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை அளந்து ஓர் அறிக்கையாக வெளியிட்டது. வீட்டு வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே தெருவில்தான் குடியிருக்கின்றன. அதற்கு மேல், எனக்கும் டாங்கிளுக்கும் நடுவில் கணினியின் இரும்புக் கேபினட் முழுதாக நின்றது. ஒரு மீட்டர் யூ.எஸ்.பி நீட்டிப்பு ஒயர் வாங்கி, டாங்கிளை டிவி ஸ்டாண்டின் முன்விளிம்புக்குக் கொண்டுவந்து டேப் போட்டு ஒட்டினேன். அன்றோடு தாமதம் போனது. கன்ட்ரோலர் சரியில்லை என்று மாற்றக் கிளம்புகிறவர்கள் தயவுசெய்து முதலில் டாங்கிளை வெளியே எடுத்துப் பாருங்கள்.

இரண்டாம் வருடம் விண்டோஸுக்கான எக்ஸ்பாக்ஸ் வயர்லெஸ் அடாப்டரை வாங்கினேன்; எக்ஸ்பாக்ஸுக்கே உரிய வயர்லெஸ் முறையைக் கணினிக்குத் தரும் குட்டி யூ.எஸ்.பி கருவி அது. தேவைதானா என்று யோசித்து வாங்கியது, இப்போது அது இல்லாமல் முடியாது. கணினி எக்ஸ்பாக்ஸ் அறைக்குப் போய்விட்டது, ப்ளூடூத் அறை முழுவதும் போனுக்கு. ஒன்றை ஒன்று வெளியேற்றுவதே இல்லை, இரண்டு தட்டில் மாறிக்கொள்கிறேன். ஒரே அடாப்டரில் 8 கன்ட்ரோலர் வரை சேரும் என்பது எனக்குத் தேவைப்படவில்லை. பெரிய ஆறுதல் ஒலி. ப்ளூடூத்தில் இணைத்தால் கன்ட்ரோலரின் 3.5 மி.மீ. ஹெட்போன் துளை வேலை செய்யாது. ஒயரிலோ அடாப்டரிலோ இணைத்தால் செய்யும். வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரத்தில் விளையாடுகிறவர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. திருச்சிக்குப் போய்க் கன்சோலில் இணைத்துவிட்டு வந்தால் அடாப்டரோடு மறுபடி ஒரு தடவை இணைக்க வேண்டும். அடாப்டரில் ஒரு பட்டன், கன்ட்ரோலரில் ஒரு பட்டன், பத்து விநாடி வேலை.

இந்த இணைப்பு வேலையே பெரிய தலைவலி என்று அலுத்துக்கொள்பவர்களுக்கு நான் நிண்டெண்டோ 2002-இல் தன் கேம்க்யூப் கன்சோலுக்காகக் கொண்டுவந்த வேவ்பேர்டு கன்ட்ரோலரைப் பற்றிச் சொல்வதுண்டு. வயர்லெஸ் கன்ட்ரோலர் நிஜமாகவே நம்பி விளையாடக்கூடியது என்று காட்டிய முன்னோடி அது. அதில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கும், அதைத் திருப்பி 16 சேனல்களில் ஒன்றை வைக்க வேண்டும். கன்சோலில் செருகும் ரிசீவரிலும் அதே சக்கரம், அதே எண்ணுக்குத் திருப்ப வேண்டும். பழைய ரேடியோவில் நிலையம் பிடிப்பது போலத்தான். அதிர்வு கிடையாது, பேட்டரி தாங்க வேண்டுமே. அங்கிருந்து இரண்டு தட்டில் சாதனம் மாறும் காலத்துக்கு வந்திருக்கிறோம் என்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

பேட்டரிக்கு வருவோம். இரண்டு பென்சில் பேட்டரி, அதாவது ஏஏ. 40 மணி நேரம் வரை ஓடும் என்கிறது மைக்ரோசாஃப்ட். யூ.எஸ்.பி ஒயரைச் செருகினால் பேட்டரி இல்லாமலே ஓடும், ஆனால் அந்த ஒயர் ஏஏ பேட்டரியைச் சார்ஜ் செய்யாது. சார்ஜ் ஏற்றும் பேட்டரிப் பெட்டி தனியாகத்தான் விற்கிறது. பலருக்கு இது குறையாகப் படலாம், எனக்கு வரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு கடைசிச் சுற்றில் பேட்டரி தீர்ந்தபோது, சுவர்க் கடிகாரத்தில் இருந்ததையும் டிவி அலமாரியில் கிடந்ததையும் போட்டு ஆட்டத்தை முடித்தேன். தெருமுனைப் பெட்டிக்கடையில் கிடைக்கும் பொருளில் ஓடும் சாதனம் சீக்கிரம் குப்பைக்குப் போகாது. அன்றாடத்துக்கு நான் வைத்திருப்பது நான்கு நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் பேட்டரிகள். இரண்டு உள்ளே, இரண்டு சார்ஜரில். இவை 1.2 வோல்ட், ஆல்கலைன் 1.5 வோல்ட். அதனால் திரையில் காட்டும் பேட்டரி அளவை நம்ப முடியாது; வெகுநாள் பாதியிலேயே நின்றுவிட்டுத் திடீரென்று விழும். கடிகாரத்துக்கென்று விற்கும் மலிவு பேட்டரி அவசரத்துக்கு மட்டும்தான். உள்ளே நான்கு அதிர்வு மோட்டார்கள் இருக்கின்றன, அவை இழுக்கும் மின்சாரத்துக்கு அது தாங்காது. ஆன் ஆன சில நொடியில் அணைந்தால், இணைப்பைச் சந்தேகிக்கும் முன் பேட்டரியை மாற்றுங்கள்.

மென்பொருள் புதுப்பிப்பை "எக்ஸ்பாக்ஸ் ஆக்சஸரீஸ்" செயலியில் ஒயரில் மாட்டிச் செய்வது நல்லது. ஒயர் தரவு கடத்துவதாக இருக்க வேண்டும். பவர் பேங்கோடு வந்த சார்ஜ் ஒயரை மாட்டி, கணினி கண்டுகொள்ளாமல் நான் அரை நாள் தேடியிருக்கிறேன்.

பழையது வாங்குகிறவர்களுக்கு ஒரு அடையாளம். 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னோடு வந்த கன்ட்ரோலர்களில் ப்ளூடூத் இல்லை, 2016 எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ் மாடலில் இருந்துதான் உண்டு. லோகோ பட்டனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக், முகப்பு பிளாஸ்டிக்கோடு ஒரே துண்டாக இருந்தால் ப்ளூடூத் இருக்கிறது. மேல்பக்கப் பட்டன்களோடு சேர்ந்த தனித் துண்டாக இருந்தால் இல்லை. கடைக்காரர் என்ன சொன்னாலும் அந்தக் கோட்டைப் பாருங்கள். பிளேஸ்டேஷனின் டுயல்சென்ஸ் கன்ட்ரோலர் வைத்திருப்பவர்கள், பி.எஸ் பட்டனையும் கிரியேட் பட்டனையும் சேர்த்துப் பிடித்தால் அதன் விளக்குப் பட்டை மின்னத் தொடங்கும். மற்றபடி கதை ஏறக்குறைய ஒன்றுதான்.

போன வருடம் முதல் அப்பாவும் விளையாடுகிறார். லாரி ஓட்டும் ஆட்டம் ஒன்று, மழையில் நெடுஞ்சாலையில் நிதானமாகப் போவார், ஹாரன் அடிக்க மாட்டார். அவருக்குக் கன்ட்ரோலர் இன்னும் "ரிமோட்"தான். இணைப்பு, ப்ளூடூத் எதுவும் அவரிடம் விளக்கியதில்லை, விளக்கை மட்டும் சொல்லியிருக்கிறேன். லோகோவை அழுத்திவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே இருப்பார். "நின்னுடுச்சு, கிளம்பலாமா?" என்பார்.

அடுத்த வாரம் மறுபடி திருச்சி. பையில் எதிலாவது இடித்து லோகோ அழுந்தினால், வழியெல்லாம் விளக்கு தேடிக்கொண்டே போய்ப் பேட்டரியைத் தின்றுவிடும். அதனால் ஒரு பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்திருக்கிறேன், அடாப்டர் வீட்டிலேயே இருக்கிறது. அக்கா மகன் போனில் ஏற்கெனவே சொல்லிவிட்டான், இந்தத் தடவை அவனேதான் இணைப்பானாம்.