பண்டிகைச் சரக்குக்கு எது சரி: தற்காலிக உயர்வா, டிக்ளரேஷன் பாலிசியா?

பண்டிகைக்கு முன் கிடங்கில் அட்டைப்பெட்டிகள் மின்விளக்கைத் தொடும் உயரத்துக்கு ஏறிவிடுகின்றன. தீக்காப்பீட்டு பாலிசியில் மட்டும் சாதாரண மாதத்து மதிப்பே நிற்கிறது. சரக்கின் மதிப்பில் பாதிக்குத்தான் காப்பீடு என்றால், சராசரி விதிப்படி எரிந்ததிலும் பாதிதான் கிடைக்கும். கால்வாசிச் சரக்கு எரிந்தாலும் இதே கணக்குத்தான். பலர் இழப்பீடு கேட்கப் போகும்போதுதான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள். இதைத் தவிர்க்க இரண்டு வழிகள்: இருக்கும் பாலிசியின் தொகையைச் சீசனுக்கு மட்டும் கூட்டுவது தற்காலிக உயர்வு; உச்ச இருப்புக்கே காப்பீடு எடுத்து, இருப்பை மாதந்தோறும் அறிவிப்பது டிக்ளரேஷன் பாலிசி.

செலவு:
தற்காலிக உயர்வு – கூடுதல் தொகைக்கு, அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் பிரீமியம்.
டிக்ளரேஷன் – ஆண்டின் உச்ச இருப்புக்கு முதலிலேயே கட்ட வேண்டும். ஆண்டு முடிவில் சராசரி இருப்பைக் கணக்கிட்டு ஒரு பகுதி திரும்பும். அதுவரை பணம் முடங்கும்.

சிரமம்:
உயர்வு – ஒரு கடிதம் போதும். ஆனால் சரக்கு லாரி வருவதற்கு முன்பே ஒப்புதல் கைக்கு வந்திருக்க வேண்டும்.
டிக்ளரேஷன் – மாதந்தோறும் இருப்பை அறிவிக்க வேண்டும். தவறினால் காப்பீட்டின் முழுத் தொகையும் அந்த மாத இருப்பாகக் கொள்ளப்படுவதே வழக்கம். திரும்பி வரவேண்டிய பணம் குறையும்.

கணிப்புப் பிழை:
விற்காத சரக்கு தேங்கினால் உயர்வின் கெடு தாண்டிவிடும். டிக்ளரேஷனுக்கு அந்தக் கவலை இல்லை.

ஆண்டுக்கு ஒரே ஒரு பெரிய சீசன் உள்ள கடைக்கு உயர்வே போதும். கெடுவைச் சில வாரங்கள் தள்ளியே கேளுங்கள். இருப்பு மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் மொத்த வியாபாரிக்கு டிக்ளரேஷன், கணக்கெழுத நம்பகமான ஆள் இருந்தால் மட்டும்.