பன்றியா, நாயா? இரவுக் காவலுக்கு வெப்பக் கேமராவும் அகச்சிவப்பு விளக்குக் கேமராவும்

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகும் வழியில், காட்டின் ஓரத்தை ஒட்டிய மணற்பாங்கான நிலத்தில் என் சித்தப்பா கடலை போடுகிறார். பூ இறங்கிப் பிஞ்சு பிடிக்கும் நாளிலிருந்து அறுவடை வரைக்கும் காட்டுப்பன்றிக் கூட்டம் இரவில் வந்து கொல்லையைக் கிளறிப் போடுகிறது. அதைக் கண்டவுடன் கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் ஒரு காவல் கருவியை அமைக்க முயன்று, இரண்டு கடலைப் பட்டங்களில் இரண்டு வகைக் கண்களை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தோம். ஒன்று, உடற்சூட்டைப் படமாக்கும் வெப்பக் கேமரா. மற்றொன்று, அகச்சிவப்பு வடிகட்டி இல்லாத சாதாரணக் கேமராவும் அதற்குத் துணையாக 850 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கும். இப்போது கொல்லையில் முதன்மையாக நிற்பது இரண்டாவதுதான். அந்தச் சாய்வோடுதான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி கடலைக் கொல்லைக்கு வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஏவுகணைப் பொறியாளர்களிடம் இருந்தது. 1956-இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த சைட்வைண்டர் ஏவுகணை விமான எஞ்சினின் சூட்டைத் தேடிப் போயிற்று. ஆனால் சூடு என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது, ஆகவே தொடக்க கால ஏவுகணைகள் சில வேளைகளில் சூரியனையே இலக்கு என்று எண்ணித் துரத்தின. வியட்நாம் போரில் 1967 முதல் பயன்பட்ட வால்ஐ குண்டு, தொலைக்காட்சிப் படத்தில் வெளிச்சமும் இருளும் சந்திக்கும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு போயிற்று. டோமஹாக் ஏவுகணையோ கீழே தெரியும் நிலப்பரப்பை, முன்கூட்டியே சேமித்து வைத்த படத்தோடு ஒப்பிட்டுத் தன் இடத்தைச் சரிபார்த்துக்கொண்டது. சூட்டைப் பார்ப்பதா, உருவத்தைப் பார்ப்பதா என்பதில் அன்று இருந்த இழுபறி எங்கள் மோட்டார் கொட்டகைச் சுவரிலும் அப்படியே வந்து நின்றது.

விலையைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. வெப்பக் கேமரா பல மடங்கு அதிகம். வாங்க நினைப்பவர்கள் யாவரும் அறிந்ததே. மின்சாரச் செலவில் வெப்பக் கேமராவுக்கு விளக்கு தேவையில்லை என்பதால் சிறிய சோலார் தகடே போதும். பொருத்துவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

வெப்பக் கேமராவுக்காகப் பேச வேண்டியதை முதலில் பேசிவிடுகிறேன். அமாவாசை இரவில், விளக்கு எதுவும் இல்லாமல், விடியற்காலை மூன்று மணிக்குப் பனி இறங்கிக் குளிர்ந்து கிடக்கும் கடலைச் செடிகளுக்கு நடுவே ஓர் உயிர் நடந்தால், இருண்ட திரையில் அது வெள்ளைப் பொட்டாக எழும் காட்சி முதல் நாள் எங்களை மலைக்க வைத்தது. வந்தது உயிர் என்று கண்டுகொள்வதற்குப் பெரிய நிரல் எதுவும் தேவைப்படவில்லை. இன்ன அளவுக்கு மேல் சூடான புள்ளிகள் சேர்ந்தாற்போல் தெரிந்தால் கூப்பிடு என்று பத்து வரியில் எழுதிவிடலாம். ஒரு வாரம் வரைக்கும் இதுவே முடிந்த முடிவு என்று நினைத்திருந்தேன்.

அந்த வாரத்தில் கைப்பேசி அடித்ததெல்லாம் பன்றிக்காக அல்ல. பக்கத்துக் கொல்லை நாய், கட்டவிழ்ந்த ஆடு, மேய்ச்சலுக்கு விட்ட மாடு, ஒரு நாள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்ச வந்த சித்தப்பாவே. உயிர் இருக்கிறது என்று கண்டறிவது ஒன்று, அது இன்ன உயிர் என்று அடையாளம் காண்பது வேறொன்று. இந்த வேறுபாட்டுக்குப் பழைய ஓர் அளவுகோல் உண்டு. 1958-இல் ஜான் ஜான்சன் என்ற அமெரிக்கர் இரவுப் பார்வைக் கருவிகளுக்காக வகுத்தது: ஒரு பொருளின் குறுகிய அளவின் குறுக்கே ஓர் இணைக்கோடு (ஒரு வெள்ளைக் கோடும் அதை ஒட்டிய ஒரு கறுப்புக் கோடும்) தெளிவாகத் தெரிந்தால் ஏதோ இருக்கிறது என்று சொல்லலாம், அது எந்த வகை என்று சொல்ல ஏறத்தாழ நான்கு இணைக்கோடுகள் வேண்டும். பிக்சல் கணக்கில் முன்னதற்கு இரண்டு, பின்னதற்கு எட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

எங்கள் வெப்பக் கேமராவின் படம் 160 பிக்சல் அகலம், 120 பிக்சல் உயரம். அதன் பார்வை அகலம் 57 பாகை. நாற்பது மீட்டர் தொலைவில் அந்தப் பார்வை ஏறத்தாழ 43 மீட்டர் அகலத்தை அள்ளுகிறது, ஆகவே ஒரு பிக்சலுக்கு 27 சென்டிமீட்டர். முக்கால் மீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரமுள்ள பன்றிக்கு அங்கே இரண்டரைப் பிக்சல்தான் கிடைக்கும். எட்டுப் பிக்சல் கிடைக்க வேண்டுமென்றால் பன்றி கேமராவுக்குப் பதின்மூன்று மீட்டருக்குள் வந்தாக வேண்டும். அதற்குள் அது கொல்லையின் நடுப்பகுதியைக் கிளறி முடித்திருக்கும். சாதாரணக் கேமராவில் 1640 பிக்சல் அகலமுள்ள படத்தை எடுக்கும்போது அதே நாற்பது மீட்டரில் பன்றியின் உயரத்துக்கு இருபதுக்கு மேற்பட்ட பிக்சல்கள் கிடைத்தன. அதன் எல்லை பிக்சலால் வருவதில்லை, விளக்கின் வெளிச்சம் எட்டும் தூரத்தால் வருகிறது. இதே வெப்பக் கேமரா நொடிக்கு ஒன்பது படங்களுக்கும் குறைவாகவே தருவதற்குக் காரணம், அதைவிட வேகமான வெப்பக் கேமராக்களுக்கு அமெரிக்க ஏற்றுமதி விதிகள் கடுமையாக இருப்பதுதான். பன்றியைப் பொறுத்தவரை இந்த மெதுவான வேகம் ஒரு குறையே அல்ல.

சூட்டை நம்புவதில் இன்னொரு சிக்கல் எங்கள் மண்ணிலிருந்து வந்தது. பகல் முழுக்க வெயில் குடித்த மணல், இரவு எட்டு மணி வரைக்கும் சூட்டை விடுவதில்லை. அந்நேரத்தில் தரையும் விலங்கின் மேல்தோலும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்க, படம் முழுவதும் ஒரே சாம்பல் நிறமாகி விடுகிறது. பன்றியோ சேற்றில் புரண்டுவிட்டு வரும் விலங்கு. ஈரச் சேறு பூசிய முதுகு தரையைவிடக் குளிர்ச்சியாக இருந்ததால், சூடான பொட்டைத் தேடச் சொல்லியிருந்த நிரல் அதைப் பார்த்தும் பார்க்காமல் விட்டது. இந்தியாவில் 1983-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டத்தின் ஐந்து ஏவுகணைகளில் ஒன்றான நாக், வெப்பப் படத்தைக் கொண்டு பீரங்கி வண்டியைத் தேடுவது. ராஜஸ்தான் பாலைவனத்தின் கடுங்கோடையில் சுற்றுப்புறச் சூட்டிலிருந்து இலக்கைப் பிரித்தறிவது அதற்குச் சோதனைகளில் பெரும் தடையாக இருந்து, மேம்பட்ட தேடுகண் தேவைப்பட்டது. அத்தனை பெரிய ஆய்வுக்கூடத்துக்கே வந்த தடை எங்கள் கொல்லைக்கு வந்ததில் வியப்பில்லை.

இவ்வளவும் இருந்தும், பிக்சலும் சேறும் என் முடிவைத் தீர்மானிக்கவில்லை. அவற்றுக்கு வழி உண்டு: விலை உயர்ந்த வெப்பக் கேமரா வாங்கலாம், நிரலில் வைத்த சூட்டு அளவை நேரத்துக்கு ஏற்றபடி மாற்றலாம். முடிவைத் தீர்மானித்தது பராமரிப்பு. கருவியைத் துடைப்பது, பேட்டரி மாற்றுவது போன்றவற்றைச் சொல்லவில்லை. கருவிக்குக் கற்றுக்கொடுத்ததை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வேலையைச் சொல்கிறேன்.

எடுத்துக்காட்டுப் படங்களைப் பார்த்துப் பழகி, படத்தில் இருப்பது என்ன என்று கண்டறியும் நியூரல் நெட்வொர்க் என்ற வகை நிரல்களை இணையத்திலிருந்து இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். ஆனால் அவற்றில் பல, கோகோ என்ற படத்தொகுப்பைக் கொண்டு பழக்கப்பட்டவை. அதிலுள்ள எண்பது வகைகளில் பசு உண்டு, ஆடு உண்டு, கரடி உண்டு, ஒட்டகச்சிவிங்கிகூட உண்டு, பன்றி இல்லை. ஆகவே முதல் வாரத்தில் எங்கள் பன்றிகளை அது பசு என்றது, சில இரவுகளில் கரடி என்றது. வேதாரண்யத்தில் கரடி வந்ததாகக் கைப்பேசியில் செய்தி வந்தபோது சித்தி சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. எனவே நம் கொல்லையின் படங்களைக் கொண்டு நாமே பழக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் விலங்கைச் சுற்றிக் கட்டம் போட்டு, இது பன்றி, இது நாய், இது மாடு என்று பெயர் எழுத வேண்டும். இதை ஒரு முறை செய்தால் போதாது. கடலை முளைவிட்டு வெறும் மணல் தெரியும் நாளில் பழகிய நெட்வொர்க், செடி மூடிய பிறகு தடுமாறுகிறது. வரப்போரம் காய்ந்த புல் நிற்கும் மாசியில் வேறு, மார்கழிப் பனிமூட்டத்தில் வேறு. நிழலும் பருவமும் மாறினால் சேமித்த படம் பொருந்தாமல் போகும் என்பது டோமஹாக்குக்குப் படம் தயாரித்தவர்களுக்கும் இருந்த கவலைதான்.

அந்தப் பெயர் எழுதும் வேலைக்கு வெப்பக் கேமராவின் படங்களை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார்ந்தோம். சித்தப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, எல்லாம் ஆவி பறக்குற இட்லி மாதிரில்ல இருக்கு" என்றார். ஐம்பது ஆண்டுகளாகப் பன்றியின் காலடியையும் உறுமலையும் வைத்தே எத்தனை வந்தது, எத்திசையில் போனது என்று சொல்லக்கூடியவர், அந்தப் படங்களில் பன்றியையும் நாயையும் பிரித்துச் சொல்ல முடியாமல் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டார். எனக்கும் முடியவில்லை. நாம் பார்த்துப் பெயர் சொல்ல முடியாத படத்தை வைத்து எந்திரத்துக்கு எதைக் கற்றுக்கொடுப்பது?

விளக்குக் கேமராவின் படங்களை வைத்தபோது நிலைமை மாறியது. அகச்சிவப்பு வெளிச்சத்தைப் பச்சை இலைகள் மிகுதியாகத் திருப்பி அனுப்புவதால் கொல்லை முழுவதும் வெளுத்துத் தெரிகிறது. அதன்மேல் பன்றியின் கூம்பிய முகமும் உயர்ந்த முன்முதுகும் மங்கிய சாம்பலில் எடுப்பாகத் தெரிகின்றன. சித்தப்பா மகள், பன்னிரண்டாம் வகுப்பில் படிப்பவள், பொழுது போகாத வேளைகளில் கட்டம் போட்டே சில நூறு படங்களை முடித்தாள். எங்காவது கருவி தவறாகச் சொன்னால் அந்தப் படத்தைத் திறந்து பார்த்தாலே காரணம் புரிந்தது: வரப்பில் கிடந்த சாக்கு, குனிந்து களை பார்த்த ஆள், பாதி மறைந்த கன்று. காரணம் புரிந்தால் அதே வகைப் படங்கள் பத்துச் சேர்த்துத் திருத்திவிடலாம். வெப்பப் படத்தில் தவறு நேர்ந்தபோது, ஏன் நேர்ந்தது என்பதே தெரியாமல் அளவை ஏற்றியும் இறக்கியும் காலத்தைக் கழித்தோம்.

எடுத்துக்காட்டுகளைக் காட்டிப் பழக்குவது ஒன்றும் புதிதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உளவியலாளர் ஸ்கின்னர், இலக்கின் உருவத்தைக் கொத்தும்படி புறாக்களைத் தானியம் கொடுத்துப் பழக்கி, அவற்றைக் குண்டின் முனையில் வைத்து வழிநடத்தும் திட்டத்தை முன்வைத்தார். மூன்று புறாக்களில் இரண்டு கொத்தும் பக்கமே குண்டு திரும்ப வேண்டும் என்பது ஏற்பாடு. 1944-இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் புறாவுக்கும் நம் நெட்வொர்க்குக்கும் பொதுவானது, காட்டப்படும் படம் தெளிவாக இருந்தாக வேண்டும் என்பதே.

விளக்குக் கேமராவால் கிடைத்த, நான் எதிர்பாராத ஓர் உதவி கண்கள். நாய், ஆடு, மாடு, மான், நரி ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் அவற்றின் கண்கள் இரவில் இரண்டு நட்சத்திரங்களாக மின்னுகின்றன. பன்றிக்கு அந்தப் படலம் இல்லை. கேமராவை நோக்கி நிற்கும் விலங்கின் கண் பளிச்சென்று மின்னினால் அது பன்றியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இதை நாங்கள் தனியே நிரலாக எழுதவில்லை; படங்களைப் பார்த்தே நெட்வொர்க் அதைப் பிடித்துக்கொண்டது போலத் தோன்றுகிறது. தோன்றுகிறது என்றுதான் சொல்ல முடியும், உள்ளே அது எதை வைத்து முடிவெடுக்கிறது என்று நான் சோதித்ததில்லை.

குறைகளையும் மறைக்கக் கூடாது. விளக்கின் மெல்லிய சூட்டுக்கும் பூச்சிக்கும் சிலந்தி வந்து கண்ணாடியின் முன்னே வலை கட்டுகிறது. அந்த ஒற்றை இழை அகச்சிவப்பு வெளிச்சத்தில் வெள்ளைக் கயிறாகத் தெரிந்து படத்தையே கெடுக்கும். விளக்கைக் கேமராவின் பெட்டியிலிருந்து பிரித்து, ஓர் அடி தள்ளி வேறு கம்பத்தில் கட்டிய பிறகுதான் தொல்லை குறைந்தது. கடற்காற்றின் உப்பு வாரத்துக்கொரு முறை கண்ணாடியில் வெண்படலம் போடுகிறது, ஈரத்துணியால் துடைத்தாக வேண்டும். ஆனால் இதே உப்புக்காற்று வெப்பக் கேமராவையும் விடாது. அதற்குச் சாதாரணக் கண்ணாடி மூடியும் போட முடியாது, கண்ணாடி உடற்சூட்டின் கதிர்களைத் தடுத்துவிடும். அந்தக் கதிர்களை உள்ளே விடும் ஜெர்மேனியம் மூடி வாங்கக் கையில் காசு இல்லாமல் மெல்லிய பாலித்தீன் தாளை இழுத்துக் கட்டி வைத்தோம். அது காற்றில் படபடத்து இரண்டு வாரத்தில் கிழிந்தது.

பன்றியை விரட்டும் ஒலிபெருக்கியைக் கருவியே முடுக்கும்படி விடலாமா என்ற கேள்வியும் இருந்தது. வெப்பக் கேமரா வந்த காலத்தில் அதற்கு எனக்குத் துணிவில்லை. இப்போதும் படம் முதலில் கைப்பேசிக்கு வருகிறது, சித்தப்பா பார்த்து அழுத்தினால்தான் ஒலிபெருக்கி கத்துகிறது. மின்கம்பியிலிருந்து நேரடியாக மின்சாரம் பாய்ச்சும் வேலியை நாங்கள் நினைத்தும் பார்க்கவில்லை. அது சட்டத்துக்குப் புறம்பானது, இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதரையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை.

என் அனுபவம் மூன்று ஏக்கருக்கும் இரண்டு பட்டத்துக்கும் உட்பட்டது. 640 பிக்சல் அகலமுள்ள வெப்பக் கேமராவை நான் கையாண்டதில்லை. அதில் திண்ணைச் சோதனை வேறு முடிவைத் தந்திருக்கக்கூடும். விளக்கு எட்டாத பத்து, பதினைந்து ஏக்கர் பரப்பைக் காப்பவர்களுக்கு வெப்பக் கேமராவே பொருந்தும் என்று நினைக்கிறேன், ஆயினும் அதைச் செய்து பார்த்துச் சொல்லவில்லை. தொடர்ந்து மழை பெய்யும் கார்த்திகை இரவுகளில் எங்கள் விளக்குக் கேமரா எப்படி நடக்கும் என்பதற்கும் என்னிடம் போதிய படங்கள் இல்லை, கடலை அந்நேரத்தில் நிலத்தில் இல்லை.

பழைய வெப்பக் கேமராவை விற்றுவிடலாம் என்று பார்த்தேன், வாங்கிய விலையில் பாதிகூடக் கேட்பார் இல்லை. இப்போது அது கொட்டகையின் மேற்கு மூலையில், காட்டுப் பக்கம் பார்த்து நிற்கிறது. எது வருகிறது என்று அதை யாரும் கேட்பதில்லை. ஏதோ வருகிறது என்று அது சொன்னால் விளக்கும் மற்றக் கேமராவும் விழித்துக்கொள்கின்றன, பேட்டரி விடியும்வரை தாங்குகிறது.