காவேரிப்பட்டணத்தில் டிரெய்லர் விளக்கு வேலை: ஒரு பட்டறை அனுபவம்

மாங்காய்ப் பருவத்தில் சந்தூர்ப் பக்கத்துத் தோப்புகளிலிருந்து கூழ் ஆலைகளுக்குப் பாரம் ஏற்றிச் செல்லும் டிராக்டர்கள் இரவில்தான் அதிகம் ஓடுகின்றன. அவற்றில் பின்விளக்கு சரியாக எரியாத டிரெய்லர்களில் எங்களுடையதும் சென்ற ஆண்டு வரை ஒன்றாக இருந்தது. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் சேர்ந்து மங்கலாக எரியும். இண்டிகேட்டரைப் போட்டால் டேஞ்சர் லைட் எனும் பின்பக்கச் சிவப்பு விளக்கு துடிக்கும். வேறொரு கடையில் இரண்டு முறை பல்பையும், மூன்றாம் முறை விளக்குப் பெட்டிகளையே முழுதாகவும் மாற்றியும் பத்து நாள்கூடத் தாங்கவில்லை.

அதன்பின் உறவினர் ஒருவர் சொன்னதன் பேரில் காவேரிப்பட்டணத்திலிருந்து பாலக்கோடு செல்லும் சாலையில் உள்ள சிறிய ஆட்டோ எலக்ட்ரிகல் பட்டறைக்குச் சென்றோம். டிரெய்லரை மட்டும் விட்டுச் செல்லக் கூடாது, டிராக்டரும் கூடவே நிற்க வேண்டும் என்று மேஸ்திரி முதலிலேயே சொல்லிவிட்டார். அவர் எந்த விளக்கையும் கழற்றவில்லை. டிராக்டரின் பின்னால் உள்ள ஏழு முனைச் சாக்கெட்டில் டெஸ்ட் லேம்பை வைத்து ஒவ்வொரு முனையாகப் பார்த்து, மின்சாரம் ஒழுங்காக வருவதை எங்களுக்கும் காட்டினார். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து நீளமான ஒயர் ஒன்றை இழுத்து விளக்குப் பெட்டியின் இரும்பில் தொட்டதும், அதுவரை மங்கிக் கிடந்த விளக்குகள் அனைத்தும் முழு வெளிச்சத்துடன் எரிந்தன.

பழுது எர்த்தில், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பில்தான் இருந்தது. எங்கள் டிரெய்லருக்குத் தனி எர்த் ஒயரே இல்லாமல், டிராக்டருடன் இணைக்கும் கொக்கியும் அதில் செருகும் பின்னும் தொட்டுக்கொண்டிருப்பதை நம்பியே விளக்குகள் எரிந்துவந்தன. அங்கே கிரீஸும் துருவும் சேர்ந்தால் மின்சாரம் திரும்பிச் செல்லும் வழி அடைபடுகிறது. அப்போது அது அடுத்த பல்பின் இழை வழியாகப் போக முயல்வதால்தான் ஒன்றைப் போட்டால் இன்னொன்று எரிகிறது. இதை அவர் விளக்கியபோது, முந்தைய செலவு அத்தனையும் வீண் என்பது புரிந்து வருத்தமாக இருந்தது. போதாததற்கு, 21 வாட், 5 வாட் என இரண்டு இழைகள் கொண்ட பல்பின் பக்கவாட்டுக் குமிழ்கள் வெவ்வேறு உயரத்தில் இருப்பதைக் கவனிக்காமல், முந்தைய கடையில் ஒரு பல்பைத் திருப்பித் திணித்திருந்தார்கள்.

சாக்கெட்டின் மூன்றாம் முனையிலிருந்து 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை ஒவ்வொரு விளக்குக்கும் எர்த்தாக இழுத்து, இணைப்புகளை ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடினார். பச்சைக் களிம்பு ஏறியிருந்த முனைகளை உப்புத்தாளால் தேய்த்தார். எங்கள் விருப்பப்படி எல்இடி விளக்குகளைப் பொருத்திய பிறகு இண்டிகேட்டர் படபடவென்று துடித்தது. 12 வோல்ட்டில் 21 வாட் பல்பு ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்க, எல்இடி அதில் சிறு பங்கையே இழுப்பதால் இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியச்செய்யும் பழைய ஃபிளாஷருக்கு அந்தச் சுமை போதவில்லை என்று கூறி, அதற்குப் பதிலாக எலக்ட்ரானிக் ஃபிளாஷரைப் பொருத்தினார். பின்பக்கம் சிவப்பு ஒளிர்பட்டையும் ஒட்டினார்.

பொருள், கூலி எல்லாம் சேர்த்து 3,400 ரூபாய் ஆயிற்று. வேலையின் தரத்துக்கு இது நியாயமான தொகை. ஆனால் மாலைக்குள் முடியும் என்று சொன்ன வேலை மறுநாள் மதியம்தான் முடிந்தது. பாரம் காத்திருப்பவர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். கேட்ட பிறகே பில் எழுதித் தந்தார். சாக்கெட்டுக்கு வரும் ஒயரைச் சற்றுக் குறைவான நீளத்தில் விட்டிருந்ததால், தோப்புக்குள் முழுதாகத் திரும்பியபோது அது இழுபட்டு பிளக் கழன்றது. திரும்பக் கொண்டுபோனதும் மறுபேச்சின்றி ஒரு முழம் நீட்டித் தந்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. அதன்பின் ஒரு மாங்காய்ப் பருவமும் ஒரு மழைக்காலமும் கடந்துவிட்டன. நம்பர் பிளேட் விளக்கு ஒன்றைத் தவிர வேறெதையும் நாங்கள் தொடவில்லை.